விளக்கு எரிகிறது, ஓடவில்லை

நெய்வேலி, ஒன்பதாவது பிளாக்
8 டிசம்பர் 2024

சகலை பரமசிவம் அவர்களுக்கு,

இன்று காலை பத்தேகால் மணிக்கு, குடும்பத்தினர் அனைவரின் முன்னிலையிலும், 31-ஆம் எண் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றுவது என்று முடிவெடுத்தேன். குடும்பத்தினர் அனைவர் என்பது அம்சவல்லி. தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். வழிமொழிய ஆளில்லாததால் அதையும் நானே செய்தேன். காலண்டரைப் பார்த்தேன், ராகு காலம் மாலையில்தான். "நாலு ஸ்க்ரூ கழட்ட நாள் பாத்துகினு நிக்கிறீங்களே, ரிடையர் ஆனா இப்டித்தான் ஆயிடுமா?" என்றாள். கழற்றிய நான்கில் மூன்று ஸ்க்ரூ இதுவரை கிடைத்துவிட்டது.

அவள் முழங்காலைத் தவிர இங்கு மற்ற அனைத்தும் நலம். ஓசூர்க் குளிர் உங்கள் இடுப்புக்கு ஒத்துக்கொள்கிறதா? தேவயானியின் நலம் தினமும் மாலை ஆறு முதல் ஏழு வரை அக்காவும் தங்கையும் பேசும் போனில் தெரிந்துவிடுகிறது. நமக்குள் மூன்று வருடமாகப் போன் பேச்சு இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. அந்தத் தடை கடிதத்துக்குப் பொருந்தாது என்று கருதுகிறேன்.

பிறகு யாராவது இந்தக் கோப்பைப் புரட்டினால் புரியவேண்டும் என்பதற்காகப் பின்னணியைப் பதிவு செய்கிறேன். என் பின்னறையில் பன்னிரண்டு அடிக்கு ஐந்தடி பலகை. அதில் நம் சுரங்கத்தின் மாதிரியும், அதைச் சுற்றி ரயில் பாதையும். எக்ஸ்கவேட்டர் ரிப்பேருக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன இரண்டு சிவப்பு இன்ஜின்கள், எண் 31, 32. ஒவ்வொன்றின் வயிற்றிலும் நகக்கண் அளவில் ஒரு டிகோடர். கையில் பிடிக்கும் கண்ட்ரோல் பெட்டியில் 31 என்று அழுத்தினால் 31-க்கு மட்டும் கேட்கும். பாதை போட்டது நான். பெட்டியைப் பிடித்தது எப்போதும் நீங்கள். 2022 பொங்கலன்று விருந்தாளிகள் முன்னால் முதன்முறையாகப் பெட்டியை நான் வாங்கினேன். வளைவில் இரண்டும் கவிழ்ந்தன. 32-இன் முன்பக்க பம்பர் உடைந்தது. அதன்பின் பேசப்பட்டவை குறிப்பில் ஏறவில்லை. அன்று மாலையிலிருந்து 32-ஐக் காணவில்லை. பெருச்சாளியைச் சந்தேகித்துப் பொறி வைத்தேன். பெருச்சாளி கிடைத்தது.

இப்போது விஷயம். நவம்பரில் ரிடையர் ஆகிவிட்டேன். மார்ச் 31-க்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். முத்தாண்டிக்குப்பத்து வீட்டில் இந்தப் பலகை நுழையாது. பதினாறாவது பிளாக் வாசகசாலைக் கமிட்டியார் வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள், ரயில் ஓடினால். ஓடாவிட்டால் பலகை விறகாகும். மூன்று வருடம் துணி போட்டு மூடியிருந்ததை எடுத்து, 31 என்று அழுத்தினேன். விளக்கு எரிகிறது. அணை என்றால் அணைகிறது. ஓடு என்றால் ஓடவில்லை. இதை ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன், இன்ஜினில் பார்ப்பது முதல் முறை.

என்ன செய்யலாம் என்று எழுதவும்.

தனகோட்டி


ஓசூர்
20 டிசம்பர் 2024

சகலை தனகோட்டி அவர்களுக்கு,

கடிதம் கண்டேன். தேவயானியும் நானும் சுகம். இடுப்பு குளிரில் பிடிக்கிறது, வெயிலில் விடுகிறது. அம்சவல்லியின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது. தனியாக அனுப்புகிறேன்.

பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. நான் முப்பத்தோரு வருடம் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவன், வரிசை தவறினால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் தண்டவாளம். அந்த ஊர்ச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் மூன்று வருடத்தில் எவ்வளவு படிந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வெள்ளைத் துணியை நனைத்துத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்கவேண்டும். அடுத்து சக்கரங்கள், அதே முறை. பிறகு மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரையும் டிகோடரிலிருந்து விடுவித்து, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி வையுங்கள். மோட்டார் சுற்றினால் மோட்டார் மீது குற்றமில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். டிகோடருக்குள் நம் டவுன்ஷிப் மாதிரி எண் போட்ட அறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறையிலும் ஓர் எண் குடியிருக்கிறது. ஒன்றாம் அறையில் இன்ஜினின் முகவரி, மூன்றாம் அறையில் எவ்வளவு நிதானமாகக் கிளம்பவேண்டும் என்பது, இப்படி. எட்டாம் அறையில் 8 என்று எழுதினால் எல்லா அறையும் காலியாகி, கம்பெனியிலிருந்து வந்த நாள் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். கையேட்டில் எல்லாப் பழுதுக்கும் அதையே மருந்தாகப் போட்டிருப்பான். வேண்டாம். சோடா மூடியில் தண்ணீர் ஊற்றி வேகனில் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் கிளம்பும்வரை எட்டு மாதம், ஞாயிறுதோறும், அந்த எண்களை நாம் மாற்றி மாற்றி எழுதினோம். எழுதி வைத்த நோட்டு கிடைக்கவில்லை.

இங்கே ரோஜாத் தோட்டங்கள் பார்க்க நன்றாக இருக்கின்றன.

பரமசிவம்


நெய்வேலி
2 ஜனவரி 2025

சகலை அவர்களுக்கு,

புது வருடம் பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. இங்கு நலம். தைலம் வந்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது, ஆனால் வீடு முழுக்க நல்ல வாசனை.

தண்டவாளம் மூன்று நாள் துடைத்தேன். ஏழு துணி ஆயிற்று. ஏழாவது என் வேட்டி என்பது அம்சவல்லிக்குப் பிற்பாடு தெரிந்தது. "முப்பத்தாறு வருசம் இந்த ஊட்டை ஒரு தபா தொடச்சிருப்பீங்களா?" என்று கேட்டாள். பதினொரு வருடம் கான்ட்ராக்ட், இருபத்தைந்து வருடம் பெர்மனென்ட், இரண்டிலும் சுத்தம் செய்வது என் வேலைப் பட்டியலில் இல்லை என்று விளக்கினேன்.

மோட்டாருக்குப் பேட்டரி வைத்தேன். சுற்றியது. ஒயர்களைத் திரும்பப் பொருத்தி 31 என்று அழுத்தினேன். விளக்கு மட்டும். ஆகவே தண்டவாளம், சக்கரம், மோட்டார் மூவரும் விசாரணையில் நிரபராதிகள் என்று தெரியவருகிறது.

32 காணாமல் போனது பற்றி எழுதியிருந்தேன். தங்கள் கடிதத்தில் அதுபற்றி ஒன்றும் இல்லை. ரோஜாவைப் பற்றி எழுத இடம் தேவைப்பட்டிருக்கும்.

தனகோட்டி


ஓசூர்
27 ஜனவரி 2025

சகலை அவர்களுக்கு,

பதில் தாமதம். பொங்கல் வந்தது, பிறகு சளி வந்தது, இரண்டும் ஒன்றாகப் போயின. இப்போது சுகம். அங்கே எல்லோரும் எப்படி?

ஒயர்களைத் திரும்பப் பொருத்தியபோது ஆரஞ்சும் சாம்பல் நிறமும் மோட்டாருக்குத்தான் போகின்றனவா என்று பாருங்கள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வருபவை. மாற்றிப் பொருத்தினால் டிகோடர் புகையாகிவிடும். புகை வராததால் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்து 29-ஆம் அறை. தனித் துண்டுப் பாதையில் இன்ஜினை நிறுத்தி, பெட்டியைப் படிக்கும் நிலைக்கு மாற்றி, 29 என்று கேளுங்கள். 6 என்று வந்தால் சரி. ஒன்றாம் அறையில் 31 வரவேண்டும். ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவசரம் வேண்டாம்.

இந்த ஊரில் காலையில் பனி இறங்கி எதிர்வீடு தெரிவதில்லை. பத்து மணிக்குத் தெரிகிறது. எதிர்வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதற்கும் சளி.

பரமசிவம்


நெய்வேலி
9 பிப்ரவரி 2025

சகலை அவர்களுக்கு,

இங்கு நலம். எதிர்வீட்டு நாய் தேறிவிட்டதா?

29-இல் 6 இருக்கிறது. ஒன்றில் 31 இருக்கிறது. அறையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் நின்ற இடத்திலேயே லேசாக ஒரு துள்ளு துள்ளுகிறது, ஆமாம் என்று தலையாட்டுவதுபோல. ஆக, ஓடத் தெரியாமல் இல்லை. நான் சொன்னால் ஓடுவதில்லை என்று வைத்திருக்கிறது.

கமிட்டியார் மார்ச் 16 ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பார்வையிட வருகிறார்கள். தலைவர் சடையப்பன், செயலாளர் எழில்மதி, மற்றும் டீ குடிக்க நான்கு உறுப்பினர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மார்ச் 10-ஆம் தேதி காலை எட்டாம் அறையில் 8 எழுதிவிடுவதாக உத்தேசம். சோடா மூடி போகட்டும். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம், துணிக்குப் பஞ்சமில்லை. ஓடும் ரயில் விறகாவதில்லை.

இன்னொன்று. நேற்றைய போனில் தேவயானி, "அவரு மேசை மேல செவப்பா ஒண்ணு வெச்சிகினு தெனம் தொடச்சிகினே கீறாருக்கா, தொட்டா கத்தறாரு" என்று சொன்னதாக அம்சவல்லி சொன்னாள். என்னவாக இருக்கும் என்று என்னைக் கேட்டாள். மிளகாயாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

தனகோட்டி


ஓசூர்
12 பிப்ரவரி 2025
ஸ்பீட் போஸ்ட்

சகலை அவர்களுக்கு,

நலம். எட்டாம் அறையில் 8 எழுதவேண்டாம். எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். விவரம் பின்னால்.

பரமசிவம்


நெய்வேலி
24 பிப்ரவரி 2025

சகலை அவர்களுக்கு,

விவரம் இன்னும் வரவில்லை. பன்னிரண்டு நாள் ஆயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று போன் வழியாகத் தெரிந்துகொண்டோம். இங்கு நலம்.

சும்மா இருக்காமல், எழுதுவதற்கு முன்னால் உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுப்போம் என்று ஒன்றாம் அறையிலிருந்து வரிசையாகப் படித்துக் குறித்துக்கொண்டு வந்தேன். குவார்ட்டர்ஸை இடிக்கும் முன்னால் இலாகாவும் இதைத்தான் செய்யும்.

பத்தொன்பதாம் அறையில் 7 இருக்கிறது.

கையேட்டைப் பார்த்தேன். இரண்டு இன்ஜினைச் சேர்த்து ஒரே ரயிலை இழுக்க வைத்தால், இரண்டின் பத்தொன்பதாம் அறையிலும் ஒரு பொது எண்ணை எழுதுவார்களாம். அந்த எண் அங்கே இருக்கும்வரை, ஓடு என்பதைப் பொது எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் கேட்குமாம். சொந்த எண்ணைச் சொன்னால் விளக்கு மட்டும் எரியுமாம். இரண்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாலும் மற்றதற்கு அது தெரியாதாம்.

பெட்டியில் நீங்கள் அழுத்தும் 7 ரயிலின் பெயர் என்று அந்த நாளில் நினைத்திருந்தேன். கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை.

இன்று 7 என்று அழுத்தவில்லை. துணியைப் போட்டு மூடிவிட்டேன். இதற்குமேல் கேட்க என்னிடம் கேள்வி இல்லை.

தனகோட்டி


ஓசூர்
24 பிப்ரவரி 2025

சகலை அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

7 என்று அழுத்துங்கள். ஓடும்.

உங்கள் முதல் கடிதத்தைப் பிரித்த அன்றே எனக்குத் தெரியும். விளக்கு எரிகிறது, ஓடவில்லை என்ற வரியிலேயே தெரியும். ஏன் அப்படி என்று எழுதினால், 32-ஐப் பற்றி எழுதவேண்டி வரும். அதனால் தண்டவாளத்தைத் துடைக்கச் சொன்னேன்.

32 என்னிடம் இருக்கிறது. பொங்கலன்று அதைப் பையில் போட்டுக்கொண்டது திருடுவதற்கு அல்ல. பம்பரை ஒட்டி மறுநாள் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றுதான். ஒட்டியும் விட்டேன். மறுநாள் நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று இருந்தேன். நீங்கள் நான் வருவேன் என்று இருந்திருப்பீர்கள். மகள் ஓசூருக்கு வரச்சொன்னாள். சாமான்களோடு அதுவும் வந்துவிட்டது. நோட்டும் வந்துவிட்டது. அதைச் சென்ற வருடம் கரையான் தின்றது.

இங்கே ஒரு வட்டப் பாதையும் சின்னப் பெட்டியும் வாங்கினேன். 32 என்று அழுத்தினேன். விளக்கு மட்டும் எரிந்தது. 7 என்று கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். அந்த 7-ஐ எழுதியவனே நான்தான். கூப்பிட மனம் வரவில்லை. எட்டாம் அறையில் 8 எழுதினேன். ஒரு நொடி. எட்டு மாத ஞாயிறு போய்விட்டது. இப்போது ஷேர் ஆட்டோ மாதிரி கிளம்புகிறது. சோடா மூடி வைத்தால் மூடியே பறக்கிறது. எனக்கு ஞாபகம் இருக்கும் எண்களை எழுதிப் பார்த்தேன். மூன்று எண்ணுக்குமேல் ஞாபகம் இல்லை.

அந்த எண்கள் இப்போது 31-இல் மட்டும்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை. அதற்காகத்தான் வேண்டாம் என்றேன்.

வளைவில் கவிழ்ந்ததற்கு உங்கள் வேகம் மட்டும் காரணமில்லை. பெட்டியை உங்களிடம் கொடுத்தபோது வளைவுக்கு முன் குறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தே சொல்லவில்லை.

அம்சவல்லியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பரமசிவம்


நெய்வேலி
17 மார்ச் 2025

சகலை அவர்களுக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. விழுப்புரம் பக்கம் எங்கேனும் சந்தித்துப் பேசிக்கொண்டும் இருக்கலாம். முழங்கால் பரவாயில்லை. தைலம் தீர்ந்ததிலிருந்து பரவாயில்லை.

நேற்று கமிட்டியார் வந்தார்கள். பெட்டியில் 7 என்று அழுத்தினேன். 31 கிளம்பியது. கிளம்பியது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு நிதானம். வேகனில் தண்ணீரோடு சோடா மூடி வைத்திருந்தேன். நான்கு சுற்று, ஒரு சொட்டு சிந்தவில்லை. வளைவுக்கு முன் குறைத்தேன். சடையப்பன், "தண்ணி எதுக்குங்க?" என்று கேட்டார். "ரயிலுக்குத் தாகம் எடுத்தா?" என்றார் ஓர் உறுப்பினர். எல்லோரும் சிரித்து முடித்ததும் பலகையை ஏற்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. வருகிற 23-ஆம் தேதி பலகையை இரண்டாகப் பிரித்து டிராக்டரில் கொண்டுபோகிறார்கள்.

எழில்மதி கறாரான பெண். ஒப்படைப்புப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச்சொன்னார். பலகை ஒன்று, பெட்டி ஒன்று, வேகன் ஒன்பது என்று எழுதினேன். இன்ஜின் என்ற இடத்தில் 2 என்று எழுதிவிட்டேன். கை அப்படியே போயிற்று. "ஒண்ணுதாங்க இருக்கு" என்றார். மற்றது பம்பர் ஒட்டப் போயிருக்கிறது, ஒட்டுவதில் வல்லவர் ஒருவரிடம் இருக்கிறது என்றேன். ஏப்ரல் 12 சனிக்கிழமை நேரில் சரிபார்ப்பதாகவும், ஒன்று குறைந்தால் பட்டியலே செல்லாது, பலகையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு இந்தக் குவார்ட்டர்ஸ் இருக்காது.

இத்துடன் 31-இன் நாற்பத்தோரு அறைகளிலும் உள்ள எண்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு முறை சரிபார்த்தேன். ஒன்றாம் அறையில் மட்டும் 32 என்று போட்டுக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் அறையில் என்ன எழுதுவது என்பது தங்கள் விருப்பம்.

தனகோட்டி


ஓசூர்
29 மார்ச் 2025

சகலை அவர்களுக்கு,

சுகம். தாள் வந்தது. நாற்பத்தோரு எண்களையும் எழுதினேன், ஒரு பகல் பிடித்தது. சோடா மூடியில் ஒரு சொட்டு சிந்தியது. மேசை சமமாக இல்லை.

பத்தொன்பதிலும் எழுதிவிட்டேன்.

ஓசூரிலிருந்து விழுப்புரத்தில் பஸ் மாறவேண்டும். 11-ஆம் தேதி காலை கிளம்புகிறோம். தேவயானி ஒரு மூட்டை ராகி மாவு கட்டியிருக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் போனில் சொல்லிவிடுவார்கள், எனவே சொல்லவில்லை. 32 என் கைப்பையில் வரும், வந்த பையிலேயே.

முத்தாண்டிக்குப்பத்து வீட்டில் எங்களுக்குப் படுக்க இடம் இருக்கிறதா?

பரமசிவம்


முத்தாண்டிக்குப்பம்
21 ஏப்ரல் 2025

சகலை அவர்களுக்கு,

இருவரும் சௌகரியமாகப் போய்ச் சேர்ந்ததை அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். இங்கு நலம். ராகி மாவு நலமாகக் குறைந்து வருகிறது. தங்கள் மூக்குக் கண்ணாடி இங்கேயே இருக்கிறது. அம்சவல்லி அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தனக்குச் சரியாக இருக்கிறது என்கிறாள்.

12-ஆம் தேதி வாசகசாலையில் நடந்ததைக் கோப்புக்காகக் குறித்து வைக்கிறேன். காலை பத்து முதல் மாலை நான்குவரை பெட்டி தங்களிடம் இருந்தது. நான்கு முதல் ஐந்துவரை என்னிடம் இருந்தது. அதற்குள் எட்டு முறை "வளைவு, வளைவு" என்றீர்கள். எட்டு முறையும் குறைத்தேன். இரண்டு இன்ஜினும் சேர்ந்து ஒன்பது வேகனை இழுத்தன. சோடா மூடியைத் தண்ணீரோடு எழில்மதியே எடுத்துப் பார்த்தார். பட்டியலில் டிக் அடித்தார். கிளம்பும்போது தங்கள் பையை அம்சவல்லி சோதித்ததைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பையையும் சோதித்தாள்.

நாம் கிளம்பிய பிறகு, 15-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, எழில்மதி தாமாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறார். இன்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருந்தபடி 31 என்று அழுத்தியிருக்கிறார், பிறகு 32 என்று அழுத்தியிருக்கிறார். பதிவேட்டில் இரண்டுக்கும் எதிரே "விளக்கு எரிகிறது, ஓடவில்லை" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறார்.

தனகோட்டி